பிணங்களை எண்ணாத பொற்காலம்

நம் முன்னோர் நோயற்று நூறாண்டு வாழ்ந்தார்கள். வெள்ளைக்காரன் வந்தபோது அவனோடு கொள்ளைநோயும் வந்தது. பிறகு நோய்கள் தாமாகவே தணிந்துகொண்டிருந்த நேரத்தில் ஊசியும் மாத்திரையும் குறுக்கே புகுந்து பெயரைத் தட்டிக்கொண்டு போயின. இன்று வீட்டுக்கு ஒரு சர்க்கரை நோயாளி இருப்பதே நாம் வீழ்ந்துவிட்டோம் என்பதற்குச் சாட்சி. இவற்றையெல்லாம் மூடி மறைப்பதற்காகவே மக்கள்நல வரலாறு என்றும் நோய்ப்பரவலியல் என்றும் துறைகளை வளர்த்து வைத்திருக்கிறார்கள். முன்னோரின் உடல்நலம் பற்றிச் சென்ற இதழில் பக்கம் பக்கமாக நீண்ட கட்டுரையின் சாரம் இவ்வளவுதான்.

கட்டுரையாளர் வரலாற்றைத் துணைக்கு அழைக்கிறார், ஆனால் ஒரே ஓர் ஆவணத்தைக்கூடத் திறந்து பார்த்ததாகத் தெரியவில்லை. நோய்ப்பரவலியலைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுகிறார், ஆனால் அதன் அரிச்சுவடியான பின்னக் கணக்கை அவர் கற்றிருக்கவில்லை. எத்தனை பேருக்கு நேர்ந்தது என்பது தொகுதி, எத்தனை பேரில் நேர்ந்தது என்பது பகுதி. அவருடைய வாதங்கள் அனைத்திலும் கோட்டுக்கு மேலே ஓர் எண் இருக்கிறது. கோட்டுக்குக் கீழே வெற்றிடம். ஆறாம் வகுப்பு மாணவன் இப்படிப் பின்னம் எழுதினால் ஆசிரியர் விடைத்தாளைத் திருப்பிக் கொடுத்துவிடுவார். வளர்ந்த மனிதர் எழுதினால் மட்டும் நாம் அதைச் சிந்தனை என்று ஏற்க வேண்டுமா?

வெறும் பழம்பெருமை என்றால் கடந்து போயிருக்கலாம். பழம்பெருமை பேசாத இனம் உலகில் ஏது? ஆனால் இந்தப் பெருமைக்கு அடியில் கோடிக்கணக்கான குழந்தைகளும் பிரசவத்தில் மாண்ட பெண்களும் புதைந்து கிடக்கிறார்கள். அவர்கள் பிறக்கவே இல்லை என்று சாதிக்காமல் அந்தப் பொற்காலத்தை ஒரு செங்கல் உயரத்துக்குக்கூட எழுப்ப முடியாது. அதனால்தான் இந்த வாதங்களை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

முதல் வாதம், கொள்ளுத்தாத்தா. கட்டுரையாளரின் கொள்ளுத்தாத்தா தொண்ணூறைத் தாண்டியும் கம்பங்கூழ் குடித்து ஏர் ஓட்டினாராம். ஓட்டியிருக்கட்டும், மறுக்கவில்லை. அந்தக் கொள்ளுத்தாத்தாவோடு உடன்பிறந்தவர்கள் எத்தனை பேர்? அவர்களில் எத்தனை பேர் அரைஞாண் கயிறு கட்டும் வயதைக் கடந்தார்கள்? அவருக்கு வாழ்க்கைப்பட்ட பெண்கள் எத்தனை பேர், முதல் மனைவி எந்தப் பேறுகாலத்தில் போய்ச் சேர்ந்தாள்? இந்தக் கேள்விகளுக்குக் கட்டுரையில் விடை கிடையாது, ஏனென்றால் செத்துப்போன குழந்தைக்குக் கொள்ளுப்பேரன் இருப்பதில்லை. அதன் கதையைப் பத்திரிகையில் எழுத ஆள் இருப்பதில்லை. குடும்ப நினைவு என்பது தப்பிப் பிழைத்தவர்கள் தப்பிப் பிழைத்தவர்களைப் பற்றிச் சொல்லிக்கொள்வது. அறுவடை முடிந்த களத்தில் நின்று, குவிந்து கிடக்கும் நெல்லை மட்டும் பார்த்துவிட்டு, இந்தப் போகத்தில் ஒரு நாற்றுகூடக் கருகவில்லை என்று ஒருவர் சொன்னால் எந்தக் குடியானவன் அதை நம்புவான்?

இந்தப் பிழையை உணர்வதற்குப் பெரிய கல்வி எதுவும் தேவையில்லை. லண்டனில் துணிமணி வியாபாரம் செய்த ஜான் கிரான்ட், அந்நகரில் வாராவாரம் அச்சான இறப்புப் பட்டியல்களைச் சேகரித்து வைத்து 1662இல் ஒரு சிறு நூல் வெளியிட்டார். பிறக்கும் நூறு பேரில் முப்பத்தாறு பேர் ஆறு வயதுக்குள் இறக்கிறார்கள் என்றும், பதினாறு வயதில் எஞ்சியிருப்பவர்கள் நாற்பது பேர்தான் என்றும் அவர் கணித்தார். தோராயக் கணக்குதான், ஆனாலும் நூறிலிருந்து தொடங்க வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. முந்நூற்றறுபது ஆண்டுகளுக்கு முன் ஒரு கடைக்காரருக்கு விளங்கியது, இணைய நூலகமே கையில் இருக்கும் நம் கட்டுரையாளருக்கு ஏன் விளங்கவில்லை?

லண்டனை விடுவோம், நம்மூருக்கே வருவோம். அடுத்தடுத்துப் பிள்ளைகளைப் பறிகொடுத்த தாய், அடுத்துப் பிறந்ததைக் குப்பைமேட்டில் கிடத்தி எடுத்து, எமனுக்கு வேண்டாத பண்டமாக்கி, குப்பன் என்றும் குப்பம்மாள் என்றும் பிச்சை என்றும் பெயரிட்ட வழக்கம் தமிழ்நாட்டில் எந்த ஊரில் இல்லை? தலைமுறை தலைமுறையாக இவ்வளவு பேருக்கு அந்தப் பெயர்கள் வழங்கி வந்ததே ஓர் இறப்புப் பதிவேடு. முன்னோர் மீது இத்தனை பக்தி கொண்டவர், முன்னோர் அழுத அழுகையை மட்டும் எப்படிக் கேட்காமல் போனார்?

இரண்டாம் வாதம் கொஞ்சம் தந்திரமானது. பழைய காலத்தின் சராசரி ஆயுள் இருபத்தைந்து என்பது கணக்கு வித்தை, குழந்தை இறப்புகள் அந்தச் சராசரியைக் கீழே இழுத்துவிட்டன, வளர்ந்தவர்கள் நெடுங்காலம் வாழ்ந்தார்கள் என்கிறார். இதில் பாதி உண்மை. குழந்தை இறப்பு சராசரியைக் கீழே இழுக்கும் என்பது மக்கள்தொகையியலின் முதல் பாடம், இவர் கண்டுபிடித்துச் சொன்ன ரகசியம் ஒன்றுமில்லை. ஆனால் ஒரு பத்திக்கு முன்புதான் முன்னோர் நோயின்றி வாழ்ந்தார்கள் என்று எழுதியவர், அடுத்த பத்தியிலேயே குழந்தைகள் கொத்துக் கொத்தாகச் செத்ததால் சராசரி குறைந்தது என்கிறார். எந்த நோயும் இல்லாத ஊரில் அந்தக் குழந்தைகள் எதனால் செத்தன? சராசரியைக் காப்பாற்றுவதற்காகக் குழந்தைகளைக் காவு கொடுத்துவிட்டு, எதுவும் நடவாததுபோல அடுத்த வரிக்கு நகரும் இந்த மனம் எப்படிப்பட்ட மனம்?

மீதிப் பாதி பொய். கிங்ஸ்லி டேவிஸ் 1951இல் வெளியிட்ட இந்திய, பாகிஸ்தான் மக்கள்தொகை பற்றிய நூலில், பிறப்பின்போதைய எதிர்பார்ப்பு ஆயுள் 1871-81இல் ஏறத்தாழ 25 ஆகவும், 1911-21இல் 20 ஆகவும் இருந்ததாகக் கணிக்கிறார். அதே காலத்து மக்கள்தொகைக் கணக்கெடுப்பு ஆயுள் அட்டவணைகள் இருபது வயதை எட்டிவிட்டவர்களையும் தனியாகக் கணக்கிடுகின்றன. அவர்களுக்கு எஞ்சியிருந்த ஆயுள் சராசரியாக முப்பது ஆண்டுகளுக்கும் குறைவு. குழந்தைப் பருவத்தின் எல்லாக் கண்டங்களையும் தாண்டி வந்த இளைஞனும் இளம்பெண்ணும்கூடச் சராசரியில் ஐம்பதைத் தொடவில்லை என்பது இதன் பொருள். கட்டுரையாளர் தன் வாதத்துக்கு ஆதாரமாக நீட்டும் வளர்ந்தவர்களும் அவரைக் கைவிட்டுவிட்டார்கள். சராசரியைக் குறை சொல்வதற்கு முன் வயதுவாரி அட்டவணையைப் புரட்டிப் பார்த்திருக்கலாம். புரட்டியிருந்தால் கட்டுரை எழுத முடியாமல் போயிருக்கும்.

மூன்றாம் வாதம், இந்த எண்களெல்லாம் காலனிய அரசு எழுதி வைத்த பொய்கள் என்பது. காலனியப் பதிவேடுகள் ஓட்டை உடைசலானவை என்பதில் யாருக்கும் ஐயமில்லை. கிராம முன்சீப்பும் கர்ணமும் எழுதிய பிறப்பு இறப்புப் பதிவில் பல சாவுகள் ஏறவே இல்லை. ஏறியவற்றிலும் மலேரியா, டைபாய்டு, சயம், பிரசவ ஜன்னி எல்லாம் ‘காய்ச்சல்’ என்ற ஒரே கட்டத்துக்குள் திணிக்கப்பட்டன. சரி, பிழை எந்தப் பக்கம் சாய்கிறது என்று கட்டுரையாளர் ஒரு நிமிடமாவது யோசித்தாரா? நடந்த சாவு பதிவாகாமல் போனால் ஏட்டிலுள்ள இறப்பு விகிதம் உண்மையைவிடக் குறைவாகத் தெரியும். பதிவேடு பொய் சொல்கிறது என்றால், அது இவருடைய பொற்காலத்துக்குச் சாதகமாகத்தான் பொய் சொல்கிறது. தனக்காகப் பேசும் சாட்சியையே பொய்ச்சாட்சி என்று அடித்து விரட்டுகிற வக்கீலை எந்த நீதிமன்றம் கண்டிருக்கிறது?

இந்த ஓட்டைகள் தெரிந்ததால்தான் மக்கள்தொகையியலாளர்கள் இறப்புப் பதிவேட்டை மட்டும் நம்பி உட்கார்ந்திருக்கவில்லை. ஒரு கணக்கெடுப்பில் பத்து வயதிலிருந்து பதினான்கு வயது வரை இருந்தவர்கள், பத்தாண்டு கழித்து வரும் அடுத்த கணக்கெடுப்பில் இருபதிலிருந்து இருபத்துநான்கு வயதுக்காரர்களாக எத்தனை பேர் எஞ்சியிருக்கிறார்கள் என்று ஒப்பிட்டு, நடுவில் காணாமல் போனவர்களைக் கணக்கிட்டார்கள். இன்றைய இந்திய எல்லைக்குள் 1911இல் ஏறத்தாழ 25.2 கோடியாக இருந்த மக்கள்தொகை 1921இல் 25.1 கோடியாகக் குறைந்தது. இடையில் வந்தது 1918இன் இன்ஃப்ளுயென்சா. அதில் இந்தியாவில் இறந்தவர்கள் ஒரு கோடியே இருபது லட்சத்துக்கும் இரண்டு கோடிக்கும் இடையில் என்று ஆய்வாளர்கள் வெவ்வேறு வழிகளில் மதிப்பிட்டிருக்கிறார்கள். அதிகாரி பொய் எழுதியிருக்கலாம். காணாமல் போன கோடி மனிதர்கள் எங்கே?

இதைவிட வெட்கக்கேடு ஒன்று உண்டு. இதே கட்டுரையின் கடைசிப் பகுதியில் ஆங்கிலேய ஆட்சி பஞ்சத்தில் மக்களைக் கொன்றதை ஆவேசமாக விவரிக்கிறார். விவரிக்கத்தான் வேண்டும். தாது வருஷப் பஞ்சத்தில், 1877இல், ரிச்சர்ட் டெம்பிள் நிவாரண வேலையாட்களுக்கான தானியப்படியை நாளுக்கு ஒரு ராத்தல், அதாவது அரைக் கிலோவுக்கும் குறைவு, என்று வெட்டியது வரலாற்றின் மாபெரும் குற்றங்களில் ஒன்று. ஆனால் அது குற்றம் என்று நமக்கு எப்படித் தெரியும்? சென்னை மாகாணத்தின் சுகாதார ஆணையராக இருந்த வில்லியம் ராபர்ட் கார்னிஷ், உடலுழைப்புக்கு அந்தப் படி போதாது என்று வாதிட்டு, முகாம்களின் இறப்புகளை எடுத்துக்காட்டி எழுதிய அறிக்கைகளிலிருந்து தெரியும். அந்த அறிக்கைகளும் காலனிய ஆவணங்கள்தானே? பஞ்சத்துக்கு மெய் பேசிய அதே ஏடு, குழந்தை இறப்புக்கு மட்டும் பொய் பேசுமா? தனக்குப் பிடித்த சாவுகளை ஏற்பதும் பிடிக்காத சாவுகளைத் தள்ளுவதும் எந்த ஊர் வரலாற்று முறை?

காலனிய ஆட்சி சாவைப் பெருக்கியது உண்மை. ரயில் பாதைகள் கிருமிகளைச் சுமந்தன. வடிகால் இல்லாமல் வெட்டிய வாய்க்கால்கள் மலேரியாவை வளர்த்தன. 1896இல் பம்பாய்க்கு வந்த பிளேக் லட்சக்கணக்கில் கொன்றது. டேவிட் ஆர்னால்டும் ஐரா கிளைனும் இவற்றை அலசி எழுதியிருக்கிறார்கள். கட்டுரையாளர் சதி என்று வசைபாடும் அதே துறையின் உழைப்பு இது. ஆனால் பத்தொன்பதாம் நூற்றாண்டு நரகம் என்று நிறுவிவிட்டால், பதினெட்டாம் நூற்றாண்டு சொர்க்கம் என்று ஆகிவிடுமா? வங்கத்தில் ஊர் ஊராகச் சென்று பெரியம்மைக் கொப்புளத்தின் சீழைக் கீறிவிட்டுக் காப்பு அளித்த டிக்காதார்களைப் பற்றி ஹோல்வெல் 1767இல் எழுதினார். பெரியம்மை இல்லாத நாட்டில் அந்தக் கலை எதற்குத் தோன்றியது? அம்மை வராத மண்ணில் மாரியம்மனுக்கு இத்தனை கோயில்கள் யாருடைய பயத்தில் எழுந்தன? இன்னும் பின்னால் போகட்டும். மகாராஷ்டிரத்தின் இனாம்காவ் அகழாய்வில், மூவாயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய வீடுகளின் தரைக்கடியில் தாழிகளில் வைத்துப் புதைக்கப்பட்டிருந்தவர்களில் பெரும்பாலோர் குழந்தைகள். அவர்களை எந்தக் கம்பெனி கப்பல் ஏறி வந்து கொன்றது?

நான்காம் வாதத்தில் கட்டுரையாளர் முதன்முறையாக ஓர் அறிஞரின் பெயரை உதிர்க்கிறார். தாமஸ் மக்கியோன். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் காசநோய் இறப்பின் பெரும்பகுதி, 1940களின் பிற்பகுதியில் ஸ்ட்ரெப்டோமைசின் வருவதற்கு முன்பே குறைந்துவிட்டது என்று மக்கியோன் காட்டினாராம்; ஆகவே தடுப்பூசியும் மருந்தும் மருத்துவமனையும் வீணாம். மக்கியோன் அப்படிக் காட்டியது உண்மை; 1976இல் வந்த அவருடைய நூல் இத்துறையை உலுக்கியதும் உண்மை. ஆனால் அவர் அதிலிருந்து வந்தடைந்த முடிவு, நோய் தானாகத் தணிந்தது என்பதா? மக்களுக்குச் சோறு கூடியது, வாழ்க்கைத் தரம் உயர்ந்தது, அதனால் சாவு குறைந்தது என்றார். அதாவது, பழைய காலத்தில் சோறு போதவில்லை என்பது அவர் வாதத்தின் ஆணிவேர். முன்னோரின் உணவு அமுதம் என்று எழுதும் ஒருவர், முன்னோரின் அரைவயிற்றைக் காரணமாகக் காட்டிய அறிஞரை முட்டுக் கொடுக்க அழைத்து வருகிறார். படித்துவிட்டு அழைத்தாரா, படிக்காமலே அழைத்தாரா? படித்திருந்தால், பெரியம்மை விஷயத்தில் தடுப்பூசியின் பங்கை மக்கியோனே ஒப்புக்கொண்ட பக்கத்தை எங்கே தொலைத்தார்?

மக்கியோனோடு விவாதம் முடிந்துவிடவும் இல்லை. கேம்பிரிட்ஜ் வரலாற்றாசிரியர் சைமன் ஸ்ரெட்டர் 1988இல் அதே இறப்புப் பதிவுகளை மறுபடி பிரித்துப் போட்டார். காசநோய் குறைந்த காலத்தில் மூச்சுக்குழல் நோயும் நிமோனியாவும் பதிவில் கூடியிருப்பதைச் சுட்டிக்காட்டி, சோற்றுக் கணக்கு ஒன்றே போதாது, குடிநீருக்கும் கழிவுநீருக்கும் வீட்டு வசதிக்கும் நகராட்சிகள் நடத்திய அரசியல் போராட்டமே இறப்பைக் குறைத்ததில் முக்கியமானது என்று நிறுவினார். எல்பே நதிக்கரையின் ஹாம்பர்க்கை நினைத்துப் பார்க்கலாம். 1892இல் அந்த ஒரே நகரில் காலரா எட்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்களைக் கொன்றது. ஒட்டியிருந்த அல்டோனா நகரம் ஆற்றின் கீழ்ப்பக்கம், ஹாம்பர்க்கின் கழிவு கலந்த நீரைக் குடித்த ஊர். ஆனால் அது நீரை மணல்வடிகட்டியில் வடித்துக் குடித்தது, தப்பியது. தெருவின் ஒரு பக்கத்தில் சாவு, மறுபக்கத்தில் வாழ்வு. அங்கே காலரா தானாகத் தணிந்ததா, குழாய் வழியே தணிந்ததா? வணிகர்களின் மாமன்றம் வடிகட்டிக்குச் செலவு செய்யத் தயங்கிய அரசியலை ரிச்சர்ட் எவன்ஸ் 1987இல் ஒரு பெருநூலாகவே எழுதியிருக்கிறார். வரலாறு இல்லாத நோய்ப்பரவலியலுக்கு அந்தக் கிருமி மட்டும் தெரியும். நோய்ப்பரவலியல் இல்லாத வரலாற்றுக்கு அந்த மாமன்றம் மட்டும் தெரியும். இரண்டும் சேர்ந்தால்தான் கொலையாளி தெரிவான்.

தடுப்பூசி வீண் என்பதற்கும் ஒரு பதில் வேண்டுமே. 1974இல் பிகாரில் பெரியம்மை பேயாட்டம் ஆடியது. வீடு வீடாகத் தேடி நோயாளியைக் கண்டுபிடித்து, அவரைச் சுற்றியிருந்தவர்களுக்கெல்லாம் ஊசி போட்டார்கள்; 1975 மே மாதத்தோடு இந்தியாவில் அந்நோய் முடிந்தது. மூவாயிரம் ஆண்டு மனிதரைத் தின்ற நோய், சரியாக அந்த ஆண்டில், சரியாக அந்தத் தேடுதலுக்குப் பின், தானாகவே மனம் திருந்திவிட்டது என்று நம்புவதற்கு எவ்வளவு பெரிய மூடநம்பிக்கை வேண்டும்?

மருந்து, சோறு என்ற இந்த வழக்கைச் சென்னையே ஒரு முறை நேரடியாக விசாரித்திருக்கிறது. காசநோயாளிக்கு நல்ல சாப்பாடும் ஓய்வும் தூய காற்றும் தரும் சானடோரியமே மருந்து என்று உலகம் நம்பிய காலத்தில், 1956இல் சென்னையில் தொடங்கிய காசநோய் மருந்துச் சிகிச்சை மையம், நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தது. ஒரு பிரிவுக்குச் சானடோரியம். மறு பிரிவுக்கு வீடு, அதாவது நெரிசலான குடிசை, குறைந்த சாப்பாடு. மருந்து மட்டும் இரண்டுக்கும் ஒன்றே. 1959இல் முடிவு வந்தது: ஓராண்டுக்குப் பின் வீட்டிலிருந்தவர்களும் ஏறத்தாழ அதே அளவுக்குத் தேறியிருந்தார்கள். அந்த முடிவு உலகம் முழுவதும் சானடோரியங்களின் கதவை மூட வைத்தது. ஏழை தன் வீட்டிலேயே பிழைக்கலாம் என்று நிரூபித்த ஊரில் உட்கார்ந்துகொண்டு, மருந்தால் பயனில்லை என்று எழுத இவருக்கு எப்படிக் கை வந்தது?

அதற்காகச் சோற்றைத் தள்ளிவிட்டார்களா? அதுவும் இல்லை. ஜார்க்கண்டில் காசநோயாளிகளின் குடும்பத்தாருக்குக் கூடுதல் உணவு கொடுத்துப் பார்த்த ஆய்வு, அவர்களிடம் புதிதாக நோய் வருவது ஏறத்தாழ நாற்பது சதவீதம் குறைந்ததை 2023இல் வெளியிட்டது. நோய் வந்தவனுக்கு மருந்து, வராமலிருக்கச் சோறு. இரண்டையும் அளந்து, இரண்டுக்கும் உரிய இடத்தைச் சொன்னது இந்த அறிவியல்தான். இது மருந்துக் கம்பெனிகளின் சதி என்றால், செங்கல்பட்டுக்கு என்ன விளக்கம் தருவார்? 1968இல் தொடங்கி இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்ட மக்களிடம் நடந்த பி.சி.ஜி. தடுப்பூசி ஆய்வு, பெரியவர்களின் நுரையீரல் காசநோயை அந்த ஊசி தடுக்கவில்லை என்று தன் வாயாலேயே உலகுக்கு அறிவித்தது. தான் போட்ட ஊசியின் தோல்வியைத் தானே அச்சிட்டு வெளியிடும் சதிகாரர்களை இவர் எங்கே பார்த்தார்? தங்கள் லேகியம் பலிக்கவில்லை என்று இவர் போற்றும் வைத்தியசாலைகளில் ஒன்றாவது இதுவரை அறிவித்ததுண்டா?

இலங்கையின் கதை இந்த முறையின் நேர்மைக்கு இன்னொரு சான்று. 1934-35இல் மலேரியா அங்கே ஏறத்தாழ எண்பதாயிரம் பேரைக் கொன்றது. 1946இல் டி.டி.டி. தெளிப்புப் பரவத் தொடங்கியது. இறப்பு விகிதம் ஓராண்டிலேயே ஆயிரத்துக்கு 20 என்பதிலிருந்து 14 ஆக வீழ்ந்தது. மருந்துப் புகழ்பாடிகளாக இருந்திருந்தால் ஆய்வாளர்கள் அதோடு கைதட்டிவிட்டுப் போயிருப்பார்கள். எஸ்.ஏ. மீகம போன்றவர்கள் விடவில்லை. மலேரியா குறைவாக இருந்த ஈரவலய மாவட்டங்களிலும் இறப்பு குறைந்திருக்கிறதே, அப்படியானால் மருத்துவமனைகளுக்கும் உணவு வழங்கலுக்கும் எவ்வளவு பங்கு என்று மாவட்டம் மாவட்டமாகக் கேட்டார்கள். அந்தக் கேள்வியின் வழியே இன்னொன்றும் வெளிப்பட்டது: அதே தீவில், தேயிலைத் தோட்டங்களின் லயங்களில் அடைபட்டிருந்த மலையகத் தமிழரின் குழந்தைகள் மட்டும் நாட்டுச் சராசரியைவிட அதிகமாக இறந்துகொண்டிருந்தார்கள். தோட்டத்துக்குத் தனிக்கணக்கு இல்லாதிருந்தால் அந்த அநீதி தேசியச் சராசரிக்குள் சத்தமில்லாமல் கரைந்து போயிருக்கும். பிணங்களை எண்ணும் துறை என்று கட்டுரையாளர் ஏளனம் செய்கிறார். ஆம், பிணங்களை எண்ணுகிறது. எண்ணாவிட்டால் யாருடைய பிணம் அதிகம் விழுகிறது என்று எவருக்கும் தெரியாது.

கடைசி வாதம் சர்க்கரை. இன்று இந்தியாவில் பத்துக் கோடிப் பேருக்கு நீரிழிவு என்பது 2023இல் வெளியான தேசிய ஆய்வின் மதிப்பீடு. கவலைப்பட வேண்டியதுதான். ஆனால் அந்நோய் முன்னோருக்குத் தெரியாதது என்பது முன்னோரையே அவமதிப்பது. இனித்து எறும்பு மொய்க்கும் சிறுநீரைப் பற்றிச் சுசுருதர் எழுதியிருக்கிறார். மதுமேகம் நம் வைத்திய மரபில் பேர்போன நோய். அது அன்று சிலருக்கே வந்தது, ஏனென்றால் சிலருக்கே வயிறு நிறைந்தது. பலர் அது வரக்கூடிய வயதுவரை வாழவும் இல்லை.

இங்கேதான் வரலாறும் நோய்ப்பரவலியலும் கைகோத்து இவருடைய வாதத்தைத் தலைகீழாகப் புரட்டுகின்றன. இங்கிலாந்தின் ஹெர்ட்ஃபோர்ட்ஷயரில் 1911 முதல் செவிலியர் வீடு வீடாகப் போய்க் குழந்தைகளின் எடையைப் பேரேடுகளில் எழுதி வைத்தார்கள். டேவிட் பார்க்கர் குழுவினர் அறுபது எழுபது ஆண்டுகள் கழித்து அந்த ஏடுகளைத் தேடி எடுத்து, எடை குறைந்திருந்த குழந்தைகளே பிற்காலத்தில் இதயநோயால் அதிகம் இறந்தார்கள் என்று 1989இல் காட்டினார்கள். மைசூரின் ஹோல்ட்ஸ்வொர்த் நினைவு மருத்துவமனையில் 1934 முதல் காக்கப்பட்ட பிறப்புக் குறிப்புகளும் எடைக்குறைவையும் இதயநோயையும் இவ்வாறே இணைத்தன. 1944-45இன் நெதர்லாந்துப் பஞ்சத்தின்போது கருவிலிருந்தவர்கள், ஐம்பது வயதில் சர்க்கரையைச் செரிக்கத் திணறினார்கள். புனே கிராமங்களில் யாஜ்னிக் குழுவினர், எடை குறைந்து பிறக்கும் நம் குழந்தைகளிடம் தசை மெலிந்திருந்தும் கொழுப்பு மெலியாதிருப்பதைக் கண்டார்கள். இவற்றைச் சேர்த்துப் படிப்பவருக்கு ஒரு வலுவான ஐயம் எழும்: இன்றைய நீரிழிவுக்கு இன்றைய தட்டு மட்டும் காரணமில்லை, பாட்டியும் அவளுடைய தாயும் கிடந்த பட்டினியும் அதில் பங்காளி. பழைய காலத்தின் ஆரோக்கியத்தை நாம் இழந்துவிட்டோம் என்கிறார் இவர். பழைய காலத்தின் பசியையே நாம் உடம்பில் சுமந்துகொண்டிருக்கிறோம் என்கின்றன ஏடுகள். யாரை நம்புவது என்பதை வாசகரின் அறிவுக்கே விடுகிறேன்.

இவ்வளவு ஆதாரம் கண்முன் கிடக்கும்போது ஒருவர் ஏன் பொற்காலத்தைப் பிடித்துத் தொங்க வேண்டும்? அறியாமை ஒரு காரணம், ஆனால் அது மட்டும் இல்லை. பொற்காலத்துக்கு ஒரு சந்தை இருக்கிறது; செக்கெண்ணெயும் சிறுதானிய மாவும் நாட்டுச் சர்க்கரையும் சரக்காக மட்டும் விற்பதில்லை, கதையோடு சேர்ந்தே விற்கின்றன. அதைவிட ஆழமான காரணம் சாதியும் வர்க்கமும். நூறாண்டு வாழ்ந்த மிராசுதாரரின் படம் கூடத்தில் தொங்குகிறது. அவர் வயலில் நாற்று நட்டு, சேரிக்குத் திரும்பி, பேதியில் மூன்று பிள்ளைகளைப் பறிகொடுத்தவளுக்குப் படமும் இல்லை, பட்டாவும் இல்லை. அவள் இருந்தாள் என்பதற்கு மிஞ்சியிருப்பது கர்ணம் கிறுக்கிய ஒரு வரிதான். அந்த வரியையும் காலனியப் பொய் என்று அழித்துவிட்டால் யாருக்கு நிம்மதி? அந்தச் சாவுகளுக்கு யாரும் பொறுப்பேற்க வேண்டியதில்லை என்ற நிம்மதி யாருக்கு வேண்டியிருக்கிறது?

இந்தப் பொய்யின் விலை இறந்தவர்களோடு முடிவதுமில்லை. நோய் தானாகத் தணியும் என்றால் குடிநீர்க் குழாய் எதற்கு, பாதாளச் சாக்கடை எதற்கு, ஆரம்ப சுகாதார நிலையத்தில் செவிலியர் பணியிடத்தை நிரப்புவது எதற்கு? ஒரு நூற்றாண்டுக்கு முன் ஆயிரம் குழந்தைகள் பிறந்தால் இருநூறுக்கும் மேல் ஓராண்டுக்குள் இறந்த நாட்டில், 2020இன் மாதிரிப் பதிவுக் கணக்குப்படி தமிழ்நாட்டின் அந்த எண் 13. இந்த வீழ்ச்சி எந்தக் கூழின் மகிமையாலும் வரவில்லை. பேறுகாலத்தில் இறந்த ஒவ்வொரு பெண்ணின் சாவையும் எழுதி, ஏன் இறந்தாள் என்று அதிகாரிகளை உட்கார வைத்துக் கேட்டதால் வந்தது, கிராமச் செவிலியர் வாசல் வாசலாக நடந்ததால் வந்தது, எண்ணியதால் வந்தது. அந்த 13ஐயும் குறைக்க வேண்டுமென்றால் இன்னும் நுணுக்கமாக எண்ண வேண்டும்: எந்த மாவட்டத்தில், எந்தத் தெருவில், எந்தச் சாதியில் என்று.

ஆகவே கட்டுரையாளரிடம் கேட்பது ஒன்றே. அடுத்த முறை முன்னோரின் உடல்நலம் பற்றி எழுத உட்காரும் முன், சென்னை எழும்பூர் ஆவணக்காப்பகத்துக்குப் போய், தன் சொந்த மாவட்டத்தின் ஏதாவது ஓர் ஆண்டுச் சுகாதார அறிக்கையை எடுத்து, ஒரு வயதுக்குட்பட்ட இறப்புகளின் நிரலை மேலிருந்து கீழாகக் கூட்டட்டும். கூட்டிய எண்ணைத் தன் கட்டுரையின் முதல் வரியில் எழுதட்டும். அதற்குப் பிறகும் பொற்காலம் என்று எழுத அவர் பேனா துணிந்தால், அது முன்னோர் மீது கொண்ட அன்பினால் துணிவதில்லை. முன்னோரில் யார் மனிதர், யார் மனிதரில்லை என்று அவர் முன்பே முடிவு செய்துவிட்டதனால் துணிவது. அந்த முடிவை அவர் வெளிப்படையாக அறிவிக்கட்டும். அதற்கும் எதிர்வினை எழுத ஆட்கள் இருக்கிறோம்.